படைக்கும் முன் எடுத்து வைத்தது

அக்கா,

நேற்று தக்கலைச் சந்தையில் திரளி இலைக் கட்டு வாங்கினேன். பேருந்தில் அதன் வாசனை எழுந்தபோது, அடுத்த வீட்டில், உங்கள் படியில் நான் பாத்திரத்தோடு நின்ற கார்த்திகைதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் இல்லாத இரண்டாவது கார்த்திகை இது.

அந்த இலையில் அவிக்கும் கொழுக்கட்டைகளில் பத்து எண்ணத்தை, சாமிக்குப் படைக்கும் முன்பே அம்மா உங்களுக்கென்று எடுத்து வைப்பாள். படைத்ததை உங்கள் சபையார் உண்பதில்லை. கிறிஸ்துமசுக்கு உங்கள் முந்திரிக்கொத்து எங்களுக்கு வரும்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், அவசரத்தில் பாத்திரம் மாறிவிட்டது. உங்கள் படியேறும்போதுதான் மூடியோரம் பூசைக்கு வைத்த தெச்சிப்பூவின் இதழ் ஒட்டியிருந்ததைக் கண்டேன். படைத்த பாத்திரம்.

"படைக்காததுதானே மக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டீர்கள்.

உள்ளே உங்கள் மாமியார் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஏதோ முறிந்துவிடும் என்று பயந்தேன். "ஆமாக்கா" என்றேன்.

நீங்கள் இதழைப் பார்த்தீர்கள். பிறகு என்னை.

"ஏட்டி, இது எனக்கு வேண்டாம். போய் மத்த பாத்திரத்த எடுத்துட்டு வா."

வீட்டில் சொன்னதும் அப்பா எழுந்துவிட்டார். "நம்ம சாமிக்கு வச்சது என்ன விஷமா? இனி அங்க ஒண்ணும் கொண்டு போக வேண்டாம்."

அம்மா அடுக்களைக்குள் போய் வந்தாள். பிறகு, "பொய் சொன்னது நம்ம பிள்ளையாக்கும்" என்று மற்ற பாத்திரத்தை என் கையில் தந்தாள்.

நீங்கள் வாசலிலேயே நின்றிருந்தீர்கள். இலையை உரித்து, நின்றபடியே ஒன்றைத் தின்றீர்கள்.

"உனக்க அம்மைக்கு இந்த வருஷம் கருப்பட்டி போட மனசில்லியா? இனிப்பே இல்ல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் கோவிப்பேன்னா நெனச்ச? படைச்சதுன்னா வேண்டாம்னு சொல்லுவேன். அவ்வளவுதான் பிள்ளே."

நேற்று நானே அவித்துப் படைத்ததில் மீதியை இன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் நீட்டினேன். இஸ்லாமியத் தோழி ஒருத்தியின் கை தட்டின்மேல் தயங்கி நின்றது. "சாப்பிடு, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் நடுவில் நான் வாய் திறப்பதில்லை, உங்களுக்குத் தெரியும்.

"இது படைச்சதாக்கும். உனக்குத் தனியா எடுத்து வைக்க மறந்துட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டு, "அடுத்த தடவ எடுத்து வை" என்றாள்.

'படைச்சது' என்ற அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.