ஒன்பதாம் எண் பைனாகுலர் திரும்பிய நாளின் பதிவேட்டைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
எழுத்தர் (தற்காலிகம்),
பைனாகுலர் வழங்கும் கவுன்ட்டர்,
பறவை நடை வரவேற்புக் கூடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கழிமுகப் பறவைகள் மற்றும் பழங்கோட்டைப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: வழிகாட்டி மரணம் – கணக்கு முடிந்த பிறகு அவர் தானாக உள்ளே நுழைந்தார் என்ற அறிக்கை தவறு – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் பதினேழாம் தேதி காலை பார்வையாளர்களைப் பறவை காட்டும் நடைக்கு அழைத்துச் சென்று, கழிமுகத்தின் கால்வாயில் மூழ்கி இறந்த வழிகாட்டி என் உடன்பிறந்த அண்ணன். ஆறு வருடம் இதே வேலை. உயரமாக, ஒல்லியாக இருப்பார். சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார். அதனால் எல்லாரும் அவரைக் கொக்கு என்றே கூப்பிட்டார்கள். தங்கள் அறிக்கையில் 'சம்பந்தப்பட்ட நபர்' என்று இருக்கிறது.

2. அந்த அறிக்கை சொல்வது: 'நடைக்குச் சென்ற அனைவரும் திரும்பியதைப் பதிவேடு உறுதி செய்கிறது. அதன் பின்னர் சம்பந்தப்பட்ட நபர் அனுமதியின்றித் தன்னிச்சையாகக் கோட்டைப் பகுதிக்குள் சென்றுள்ளார்.' இந்த இரண்டு வாக்கியங்களும் பொய். பொய் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அன்று அந்தப் பதிவேட்டை எழுதியது நான்.

3. எங்கள் வேலை முறையைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் விளக்குகிறேன். நாங்கள் ஆட்களை எண்ணுவதில்லை. பைனாகுலர்களை எண்ணுகிறோம். பார்வையாளர் ஒருவருக்கு ஒன்று கொடுக்கிறோம். பதினான்கு போனால் பதினான்கு வரவேண்டும். வந்ததும் நான் கவுன்ட்டரிலிருந்து 'கணக்கு சரி' என்று குரல் கொடுப்பேன். அதைக் கேட்டதும் காவலாளி, கோட்டைக்குப் போகும், கடல் ஏற்றத்தில் மூழ்கிவிடும் கல்பாதையின் இரும்புக் கேட்டைப் பூட்டுவார். வழிகாட்டிகளுக்கு அலுவலகம் பைனாகுலர் தருவதில்லை. எனவே பதிவேட்டில் அவர்களுக்கு வரியும் இல்லை. போன வருடம் அண்ணன் ஒன்று கேட்டபோது மேற்பார்வையாளர், "நல்லா கண்ணு தெரியறவனுக்கு எதுக்குய்யா பைனாகுலர்? உனக்குத்தான் கழுத்தே அவ்வளவு நீளமா இருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

4. அன்று காலை எட்டே முக்காலுக்கு எல்லாரும் திரும்பினார்கள். மேசையில் பதின்மூன்று இருந்தன. ஒன்பதாம் எண் இல்லை. கோட்டையின் இடிந்த வெடிமருந்துக் கிடங்குக்கு மேல் உட்கார்ந்து எல்லாரும் வெகுநேரம் நாரைக் கூட்டம் பார்த்ததாகவும், அங்கே விட்டிருக்கலாம் என்றும் பார்வையாளர்களில் ஒரு அம்மா சொன்னார். பைனாகுலர் தொலைந்தால் அந்த வழிகாட்டிக்கு ஒரு மாதம் நடை கிடையாது என்பது தங்கள் அலுவலக உத்தரவு. மேற்பார்வையாளர் அண்ணனைப் பார்த்து, "ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்துடுப்பா, தண்ணி ஏற இன்னும் நேரம் இருக்கு" என்றார். அண்ணன் என்னிடம், "டீயை மூடி வை, ஆறிடப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. பத்து நிமிடம் கழித்து அந்த அம்மா கார் நிறுத்துமிடத்திலிருந்து திரும்பி வந்தார். "ஐயோ, சாரிம்மா, என் பைக்குள்ளேயேதான் இருந்திருக்கு, சால்வைக்குள்ள சுத்திக்கிட்டு" என்று ஒன்பதாம் எண்ணை மேசையில் வைத்தார். மேற்பார்வையாளர், "அப்ப முடிஞ்சுது, எழுதிடு" என்றார். நான் எழுதினேன். சென்றது 14, வந்தது 14. பிறகு பழக்கப்படி, 'கணக்கு சரி' என்று குரல் கொடுத்தேன்.

6. என் அண்ணன் மீண்டும் உள்ளே போனதை நானேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் குரல் கொடுத்தேன். மேற்பார்வையாளர் காவலாளியிடம் சொல்லுவார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லுவேன் என்று அவர் நினைத்தாராம். காவலாளி பூட்டிவிட்டுக் கார்களை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். பிறகு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கணக்கு சரின்னு நீதானேம்மா கத்துனே?"

7. நத்தை பொறுக்குகிறவர்கள் கோட்டைக்குள் வரக்கூடாது என்று அந்தக் கேட்டைப் போன வருடம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றி மேலே கூர்க்கம்பி வைத்தீர்கள். பக்கவாட்டு வேலியைக் கால்வாய் வரை இறக்கினீர்கள். முன்பு இருந்த கேட்டாக இருந்தால் அண்ணன் ஒரே தாவலில் தாண்டியிருப்பார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் கம்பி கிழித்த காயம் இருந்தது. தண்ணீர் ஏறியதும் வேலியைச் சுற்றி நீந்த முயன்றிருக்கிறார். அந்த இடத்தில் இழுப்பு எப்படி இருக்கும் என்று பார்வையாளர்களுக்கு எச்சரிக்கிறவரே அவர்தான்.

8. பைனாகுலர் தேடப் போனவர் அதன் பிறகு வெளியே வரவே இல்லை என்பதற்கு ஆதாரம் என்னிடம் உள்ளது. பறவைகள் கலையக்கூடாது என்று வழிகாட்டிகளின் போனை மட்டும் நடைக்கு முன் கவுன்ட்டரில் வாங்கி வைக்கிறோம். பார்வையாளர்களின் போன் அவர்களிடமே இருக்கும். பத்து ஐம்பதுக்கு என் இழுப்பறையில் அண்ணனின் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. அப்போதுதான் மூடி வைத்த டீயைப் பார்த்தேன். கேட்டைத் திறந்தபோது பாதை முழுதும் தண்ணீர். வேலை முடிந்து வெளியே வந்த வழிகாட்டி எவரும் போனை வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. அந்தப் போன் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. விசாரணைக்கு வந்தவர்கள் இழுப்பறையைத் திறக்கச் சொல்லவில்லை.

9. மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வடிந்த பிறகு அவரை எடுத்தார்கள். மறுநாள் அலுவலகத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். அதற்கு மறுநாள் நடை தொடங்கியது. நான் வேலைக்கு வருகிறேன். கண்ணாடிகளைத் துடைக்கிறேன், எண்ணுகிறேன். ஒன்பதாம் எண் நேற்றும் போய்விட்டு வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இதை மனுவில் எழுதத் தேவையில்லை என்று தெரியும்.

10. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அறிக்கையை நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அம்மா, "அவன் திரும்பி வந்தான்னு நோட்டுல எங்கடி எழுதியிருக்கு? காட்டு" என்றார். அப்படி எங்கும் எழுதவில்லை. அவர் போனதாகவும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் பதினான்கு எண்கள் மட்டும் இருக்கின்றன.

11. ஆகவே கோருவது:
அறிக்கையில் உள்ள 'அனுமதியின்றி', 'தன்னிச்சையாக' என்ற இரண்டு சொற்களையும் நீக்க வேண்டும். அலுவலகப் பொருளை எடுத்து வர, அலுவலகம் அனுப்பி, பணியில் இருந்தபோது இறந்தார் என்று எழுத வேண்டும். இனி ஆட்களை எண்ண வேண்டும், வழிகாட்டியையும் சேர்த்து. பதினேழாம் தேதிப் பக்கத்தில் பதினைந்தாவதாக ஒரு வரி சேர்த்து, அதில் சென்றவர் என்ற இடத்தில் அண்ணனின் பெயரை எழுதி, வந்தவர் என்ற இடத்தைக் காலியாக விட என்னை அனுமதிக்க வேண்டும்.

12. தவறான கணக்கு எழுதியதற்காக என்மீதும் நடவடிக்கை எடுக்கலாம். மறுக்கமாட்டேன். ஆனால் என்னை விசாரிக்கும்போது, அந்தக் கணக்கில் தவறு என்ன என்று தாங்கள் எழுத வேண்டியிருக்கும். அதை எழுதினால் எனக்குப் போதும்.

இதில் உள்ள கையெழுத்தையும் பதினேழாம் தேதிப் பக்கத்தில் உள்ள கையெழுத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளவும். இரண்டும் என்னுடையவை.

நாள்: 11 மார்ச்
இடம்: வரவேற்புக் கூடம்

(கையொப்பம்)
அன்று எண்ணியவள்,
இறந்தவரின் தங்கை

இணைப்பு: பதினேழாம் தேதிப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் – 1