மதிலுக்கு வெளியே இருந்த கல்

மன்னார்
2024 செப்டெம்பர் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறதா? தலவாக்கலையில் மழை என்று வானொலியில் சொன்னார்கள். தொலைபேசியில் நீங்கள் “ம்” என்பதற்கு மேல் பேசுவதில்லை. எனக்கும் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மூன்று மாத வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. நம் கோவில் வளவிலுள்ள ஒல்லாந்தர் காலத்துக் கல்லறையை அளந்து, படியெடுத்து, அறிக்கை எழுத வேண்டும். பட்டம் எடுத்தபின் வந்த முதல் வேலை. அந்தக் கல்லில் சிறகு விரித்த இரண்டு தேவ சம்மனசுகள் ஒரு திரையைப் பிடித்திருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். இடப்பக்கச் சம்மனசுக்கு ஒரு சிறகு இல்லை. அந்த மூலையே உடைந்து போயிருக்கிறது. “துண்டு ஊருக்குள்ளதான் கிடக்கும் பிள்ளை. உடுப்புத் தோய்க்கிற கல்லுகளையெல்லாம் பிரட்டிப் பாரும்” என்றார் மேலதிகாரி நிஸ்லா மிஸ்.

உடைந்த மூலை ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம். நான்கு முறை அளந்துவிட்டேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டுக்கும் கோவிலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். இந்தத் தீவில் எங்கு தோண்டினாலும் மணலும் வெள்ளை முருகைக்கல்லும்தான். அந்தக் கல்லறையைப் போலக் கறுத்த கல் இன்னும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கோவில் மதிலுக்கு வெளியே, அண்ணாவின் குழி மேல்.

நேற்று அதன் அடியில் மணலுக்குள் விரல்களை விட்டுப் பார்த்தேன். வரிவரியாகத் தட்டுப்பட்டது. இறகு போல.

அப்பா, அந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? அடுத்த மாதம் இருபத்தைந்தாம் தேதி மிஸ் வருகிறார். நான் எழுதினால் கல்லைத் தூக்குவார்கள். எழுதாவிட்டால் என் பெயர் போட்ட முதல் அறிக்கையே பொய். அம்மா இப்போதும் ஞாயிறு தவறாமல் அந்த இடத்தைக் கூட்டுகிறார்.

உங்கள் மகள்
டினோஜா


தலவாக்கலை
9.10.2024

மகள் டினோஜாவுக்கு,

சட்டை அளவுதான். உன் கடிதத்தை இரண்டு நாள் அதன் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

கல்லை நான்தான் எடுத்தேன். உடைந்து அலரி மரத்தடியில் கிடந்தது. ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று குப்புறப் போட்டேன். அப்போது நம்மிடம் சிலுவை செய்யப் பலகை கூட இல்லை.

அதை எழுதாதே. உன் அம்மாவுக்கு நான் கொடுத்தது அந்தக் கல் ஒன்றுதான். மேலும், தேயிலை மலையிலிருந்து வந்த தோட்டக்காட்டான் கல்லறையையும் களவெடுத்தான் என்பார்கள் உன் மாமன்மார். எனக்கு அது பழகிப்போன பேச்சு. உனக்கு வேண்டாம்.

அப்பா
அழகையா


மன்னார்
2024 அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சொல்லை மீறுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஐந்து தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். பொய்யாக எழுதக் கை வரவில்லை.

ஒரு வழி தோன்றியது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால்தானே பதினொரு நாள் வயதில் இறந்த அண்ணாவை மதிலுக்கு வெளியே வைத்தீர்கள். இப்போது அப்படிப் பார்ப்பதில்லையாம். பங்குச் சுவாமியிடம் கேட்டேன். எலும்புகளைப் பக்குவமாக எடுத்து உள்ளே அடக்கம் செய்யலாம் என்றார். கல்லைத் தூக்கும்போதே அதையும் செய்துவிடலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் சம்மதம் வந்தபின் சொல்வேன். நீங்களும் வாங்கோ அப்பா. நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது.

டினோஜா


தலவாக்கலை
18.10.2024

மகளுக்கு,

தோண்ட வேண்டாம். அவன் அங்கே இல்லை.

சண்டைக் காலத்தில் மடுவில் அகதியாக இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல். உன் அம்மாவும் மலேரியாவில் நினைவில்லாமல் கிடந்தாள். அவன் போனதும் துணியில் சுற்றிக்கொண்டு ஊருக்கு நடந்தேன். அவளுடைய மண்ணில் வைக்க வேண்டுமென்று. உயிலங்குளத்தில் ராணுவம் பாதையை மூடியிருந்தது. ஒன்றரை நாள் காத்திருந்தேன். அதற்கு மேல் வைத்திருக்க முடியாது மகள். குளக்கட்டுக்குக் கீழே, ஒரு வயல் வரம்போரம் கையால் தோண்டினேன்.

அவள் எழுந்ததும் எங்கே என்றாள். ஊரில், மதிலோரம் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கல்லைத் தேடினேன். பிறகு எத்தனையோ முறை உயிலங்குளம் போய்ப் பார்த்தேன். வரம்புகளை மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் மரித்தோர் நாளில் அவள் பக்கத்தில் வெறும் மணலுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். ஒரு வருடம் அது முடியாமல் போயிற்று. இங்கே வந்துவிட்டேன்.

இனி உன் இஷ்டம்.

அழகையா


மன்னார்
2024 அக்டோபர் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று மிஸ் வந்தார். நான் அளவுநாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றேன். கல்லைத் தூக்குவார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா எங்கிருந்தோ கடப்பாரையோடு வந்தார்.

“தூக்குங்கோ தங்கச்சி. கீழ ஒண்டும் இல்லை” என்றார் மிஸ்ஸிடம்.

றெனால்ட் மாமாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். “உன்ர மனுசன் ஒல்லாந்தனையும் விட்டுவைக்கேல்லைப் போல” என்றார்.

“ஓம், அவர் ஒரு மூலைதான் எடுத்தவர். கோவில் ஓட்டில கோழிக்கூடு கட்டினது ஆர்?” என்றார் அம்மா.

கல் புரண்டது. சிறகு ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தது. உரிய இடத்தில் வைத்ததும் பொருந்தியது. அறிக்கையில், கண்டெடுத்த இடம் கோவில் மதிலுக்கு வெளியே என்றே எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபின் அம்மாவிடம் கேட்டேன். ஊருக்கு வந்த அடுத்த வருடமே, அண்ணாவின் சின்னச் சட்டையை அவனோடு வைக்கவென்று தனியாகப் போய்த் தோண்டினாராம்.

“வெறும் மணல், பிள்ளை.”

“ஏனம்மா அப்பாட்டக் கேக்கேல்லை?”

“அந்த மனுசன் அங்க நிண்டு மட்டும்தான் அழுதவர். கேட்டிருந்தா எங்க போய் அழுவார்?”

பிறகு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை எடுக்காமல் கேட்டார். கடைசியில், உயிலங்குளத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றார். எந்த வரம்பென்று உங்களுக்கே தெரியாது என்றேன்.

“தெரியாட்டிப் பரவாயில்லை. ஒண்டரை நாள் நிண்ட இடத்தைக் காட்டட்டும். அங்கயிருந்து நடப்பம்.”

மரித்தோர் நாளான நவம்பர் இரண்டாம் தேதி, காலை ஏழு மணிக்கு உயிலங்குளம் சந்தியில் இறங்குகிறோம். அந்தச் சின்னச் சட்டையும் வருகிறது. அம்மா அதை இன்று துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். நீங்கள் வராவிட்டாலும் நடப்பாராம்.

உங்கள் மகள்
டினோஜா