இருவர் காலுக்கு ஒரு பாய்

அன்புத் தம்பிக்கு,

நீ சிரிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பீர் பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காத உன் அக்காவுக்கும் உன்னைப் போலவே கால் பெருவிரல் வீங்கிவிட்டது. சிவந்து கொதிக்கிறது, போர்வை பட்டாலே உயிர் போகிறது. உனக்கும் முதலில் பெருவிரல்தானா? விடியற்காலையில்தான் வந்ததா? வீக்கம் வடிந்ததும் தோல் உரிந்ததா? எல்லாவற்றையும் எழுது.

டவிட்டா மாமா வந்து பார்த்தார். "உன் தம்பிக்குக் குடிச்சு வந்துச்சு. உனக்கென்ன, பாதிரியார் வீட்டுக் கொக்கோ குடிச்சு வந்துச்சா?" என்றார்.

நர்ஸ் லூப்பே விடவில்லை. "பீர், கறி, மீனெல்லாம் வலியைக் கிளப்பிவிடும் மாமா, அவ்வளவுதான். யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வெளிய தள்ளணும். நம்ம சமோவா சனத்துல பலருக்கு அது பிறவியிலேயே சரியாத் தள்ளாது. மூட்டுல ஊசி ஊசியாப் படிஞ்சிரும். தினமும் மாத்திரை போட்டா அடங்கும்," என்றாள். மாமா தன் காலை மெல்ல இடுப்புத் துணிக்குள் இழுத்துக்கொண்டார்.

அப்பாவின் குடும்பத் தலைவர் பட்டத்தை உனக்குச் சூட்டும் ஊர்ச் சபை அடுத்த மாதம். இங்கே சவாயிக்கு வரக் கப்பலில் இடமில்லை, அபியாவில் உன் வேலையில் லீவு இல்லை என்று நீ சொன்னதையெல்லாம் நான் நம்பியதாகவே இருக்கட்டும். சபையில் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும். பெரியவர்கள் முன் வெறும் காலை நீட்டக் கூடாது. பாயால் மூடிக்கொண்டு நீட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

அகலமாகவே பின்னி வைத்திருக்கிறேன். நம் இருவர் காலையும் மூடும். முதலில் நான் நீட்டுகிறேன், வா.

உன் அக்கா