அண்ணி இடுப்பில் கட்டிய ரிவால்வர்

அண்ணி,

இன்று காலை தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. மற்றவர்களுக்குத் துணியோ பாவாடையோ ஞாபகம் வரலாம். எனக்கு வந்தது உங்கள் ரிவால்வர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைச் சமையலறை மேசையில் பழைய நாளிதழ் விரித்துத் துடைத்து, இதே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவீர்கள். துப்பாக்கிக்கென்று தனி எண்ணெய் இருக்கிறது என்று கடைக்காரர் எத்தனையோ முறை சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. "ரெண்டும் சுத்துற சாமான்தானே, ஒரே எண்ண போதும்லா" என்றீர்கள்.

தனியாகச் சிரித்தேன். ஈப்போவில் என் வீட்டுக் கூடத்தில், ஊசியில் நூல் கோக்காமலே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே அந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் வாங்கலாம் என்று அண்ணனிடம் ஒற்றைக் காலில் நின்றவர் நீங்கள். அண்ணன் பலகை ஆலையில் கிராணி வேலை பார்த்தவர். பேனாவைத் தவிர எதையும் பிடித்துப் பழகாத கை. நீங்களோ ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்துப் பெண். முதல் வருடமே பாதி ரப்பரைச் சாய்த்துவிட்டு டுரியானும் பம்ளிமாஸும் நட்டீர்கள். அண்ணன் ஒரே ஒரு முறை வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். அன்றைக்குக் காட்டுப்பன்றி ஒன்று துரத்தியதில் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். அதற்குப் பிறகு வேலி வரைதான் அவர் எல்லை. அங்கிருந்து "சாப்பிட வாரியா?" என்று கத்துவார்.

பன்றிக்கெல்லாம் நீங்கள் பயந்ததில்லை. ஆள் நடமாட்டமில்லாத அந்த மண் பாதையில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உங்கள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தானே, அன்றுதான் யோசிக்க ஆரம்பித்தீர்கள். கையிலிருந்த முள்ளு டுரியான் பழத்தை அவன் முகத்தில் எறிந்தீர்கள். அவன் வண்டியைக்கூட எடுக்காமல் ஓடினான். போலீஸ் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். மறு வாரமே ரிவால்வர் லைசென்சுக்கு விண்ணப்பித்தீர்கள்.

நேர்காணலுக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். அப்போது எனக்கு முப்பது வயது. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருந்தேன். யாரிடமும் எதுவும் கேட்காமல் வாழ்வதைப் பெருமையாக நினைத்திருந்தேன். மலாய்க்கார அதிகாரி உங்கள் தாளைப் புரட்டிவிட்டு, "நாய் வளர்க்கலாமே, மாக்சிக்?" என்று அத்தை முறை வைத்துக் கேட்டார்.

"நாய் இருக்கு துவான். அது என் வீட்டுக்காரருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும்."

"டுரியானை வைத்தே சமாளித்துவிட்டீர்களே?"

"அது டுரியான் சீசன், துவான். சீசன் இல்லாதப்ப வந்தான்னா நான் என்னத்த எறியறது?"

அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அதோடு விடவில்லை. எங்கே பூட்டி வைப்பீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டார். கோபம் வந்தால் பாத்திரம் விளக்குவேன் என்றீர்கள். ஏழு மாதம் கழித்து அனுமதி வந்தது. அண்ணன் அந்தத் தாளை மூன்று முறை படித்தார். "நமக்கு எதுக்குடி இதெல்லாம்? தெரியாம என்னச் சுட்டுட்டா?" என்றார். "தெரியாம எல்லாம் சுட மாட்டேன்" என்றீர்கள்.

ஈப்போ பழைய பட்டணத்தில் அந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனோமே, அந்த நாளை நான் யாருக்காவது சொல்லாமல் ஒரு வருடம் போனதில்லை. இரும்புக் கம்பிக் கதவு. உள்ளே கடை முதலாளி, வயதான சீனத் தவுக்கே, சட்டைப் பையில் இரண்டு மூக்குக் கண்ணாடி. நீங்கள் ரப்பர் பூட்ஸ் போட்டு, காட்டுக்கு எடுத்துப்போகும் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். அதற்குள் தண்ணீர் போத்தல், மங்குச் சட்டியில் சோறு, மழைச் சட்டை, கயிறு. சந்தைக்குப் போகிற மாதிரி வந்திருக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

தவுக்கே முதலில் ஒரு பெரிய ரிவால்வரை எடுத்து வைத்தார். முழு எஃகு, நீளக் குழல். "இதுதான் நல்லது. ஒரு அடி, விழும்" என்றார் அரைகுறைத் தமிழில். அது காலியாக இருக்கிறதா என்று நீங்கள் அவரைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தீர்கள். பிறகு இடுப்புக் கச்சையில் கட்டிக்கொண்டு கடைக்குள் நடக்கத் தொடங்கினீர்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. பழம் பொறுக்குவது போலக் குனிந்தீர்கள். களை பிடுங்குவது போலக் குந்தினீர்கள். மாடிப் படியில் ஏறி இறங்கினீர்கள். கடையில் வேறு சாமான் வாங்க வந்த இருவர் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம் தவுக்கே. பத்து நாள் கட்டிட்டுப் போவேன், பதினோராம் நாள் வீட்ல வச்சிட்டுப் போயிருவேன்."

பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரிடம் நீண்ட துப்பாக்கி இருந்தது. பன்றி வந்த நாளிலெல்லாம் அது அவர் வீட்டில் பூட்டிக் கிடந்தது. தூக்கிச் சுமக்க அலுப்பு. அதைத்தான் மனதில் வைத்திருந்தீர்கள். "வீட்ல கெடக்குற துப்பாக்கி எம்புட்டுப் பெருசா இருந்து என்னா?" என்று கேட்டீர்கள். தவுக்கே பெரியதை எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்தது மிகச் சின்னது, ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். எடையே இல்லை. ஆனால் விசையை இழுக்கவே முடியவில்லை. பால் கத்தி பிடித்துப் பிடித்து உங்கள் ஆள்காட்டி விரல் வளைந்துபோயிருந்தது. சின்னத் தோட்டாத் துப்பாக்கிகளில் விசை இறுக்கமாகத்தான் இருக்கும் என்றார் தவுக்கே. பிறகு, தானும் இந்த விளையாட்டில் இறங்கிவிட்டவர் போல, உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார். லேசான உலோக உடம்பு, குட்டைக் குழல், பாயிண்ட் டூ-டூ, எட்டுத் தோட்டா. பின்னால் சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துவிட்டால், அப்புறம் விசை இலேசாக அசைந்தாலே போதும். "இழு, அப்புறம் சுடு. ஒவ்வொரு தடவையும் இழு. மெதுவா இருக்கும், ஆனா உன் விரலுக்கு இதான் சரி" என்றார்.

மறுபடியும் நடை, குந்தல், படி. இந்த முறை இறங்கி வந்தபோது உங்கள் முகத்தில் சிரிப்பு. "இடுப்புல இருக்குறதே தெரியல, புள்ள."

"பன்றிக்கு இது பத்தாது" என்று தவுக்கே எச்சரித்தார்.

"பன்றியக் கொல்றதுக்கு இல்ல தவுக்கே. நான் இங்க இருக்கேன்னு சொல்றதுக்கு."

போலீஸ் சுடும் திடலில் பயிற்சி கொடுத்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றேன். பொத்தியிருக்கவே வேண்டாம். வெயிலில் ரப்பர் காய் வெடிக்குமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு நீங்கள் சுத்தியலை இழுக்கும் நேரம். மறுபடி ஒரு வெடி. அவ்வளவு நிதானமாக, ஒரே சீராக நீங்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் சொன்னீர்கள்: "தோப்புக்குள்ள எனக்கு ஏதாச்சும் ஆனா மூணு சுடுவேன். கொஞ்சம் பொறுத்து இன்னும் மூணு. கேட்டா வாங்க." அண்ணன், "யாரு, நானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு மறந்துவிட்டோம்.

நான்கு வருடம் அது உங்கள் இடுப்பில் சும்மாவே இருந்தது. ஐந்தாம் வருடம், தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, முறுக்குச் சுற்ற நான் வந்திருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. நீங்கள் காலையிலேயே தோப்புக்குப் போய்விட்டீர்கள். பதினோரு மணி இருக்கும். அண்ணன் அச்சில் மாவை அடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். ஊரில் அங்கங்கே பட்டாசு. அப்போது மலைப் பக்கமிருந்து ஒரு சின்ன வெடிச் சத்தம்.

"அங்கயும் ஆரம்பிச்சிட்டானுங்கலா" என்றார் அண்ணன்.

இன்னொன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. என் கை நின்றுவிட்டது. பட்டாசு தடதடவென்று போகும், அல்லது ஒன்றோடு நிற்கும். இப்படி ஒரே இடைவெளி விட்டு வெடிக்காது. இந்த இடைவெளியை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். அடுப்பை அணைத்தேன். அண்ணன் என்னவென்று கேட்பதற்குள் மறுபடியும் தொடங்கியது. ஒன்று. இழுக்கும் நேரம். இரண்டு. இழுக்கும் நேரம். மூன்று.

"அண்ணே, அண்ணி!" என்றேன்.

அண்ணி, நீங்கள் பார்க்காத காட்சி இது. எத்தனை முறை கேட்டாலும் உங்களுக்கு அலுக்காத காட்சியும்கூட. அண்ணன் எழுந்தார். கைலியை மடித்துக் கட்டினார். முறுக்கு அச்சைக் கீழே வைக்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. வேலி வரைக்கும் ஓடினார், நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முள்ளுக்கம்பியைத் தாண்டி, சேற்றில் வழுக்கி, எழுந்து, உங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார். பெரியவர்கள் எதிரில் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்ட மனிதர். மலை முழுக்கக் கேட்டது.

நீங்கள் பழைய தோட்டத்துக் கால்வாயில் சறுக்கி விழுந்து, கணுக்கால் ஒடிந்து, மேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் பாதி உரித்த பம்ளிமாஸ். வலியில் உதடு வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி: "அது என்னா கையில, முறுக்கு அச்சா?"

அண்ணன் அதைக் குனிந்து பார்த்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவருக்கு.

"குட்டிங்களோட ஒரு பன்றி வந்துச்சு. அந்தா அங்கதான் நின்னுச்சு" என்றீர்கள். "அதுக்குன்னு ரெண்டு தோட்டா வச்சிருந்தேன். ஆனா அது என்னப் பாத்துச்சு, நான் அதப் பாத்தேன். அவுங்கவுங்க வேலையப் பாப்போம்னு போயிருச்சு."

உங்களை முதுகில் தூக்குவது என்று முடிவானது. துப்பாக்கியை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை. "லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. என் இடுப்புலதான் வரும்" என்றீர்கள். மிச்சத் தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டதை அண்ணன் நம்பவில்லை. ஆக, துப்பாக்கி கட்டிய பெண்டாட்டியை முதுகில் சுமந்துகொண்டு என் அண்ணன் தோப்பை விட்டு வெளியே வந்தார். அடிக்கு ஒரு தரம், "ஆடாதடி, சுட்டுறப் போவுது" என்றார். நீங்கள் வேண்டுமென்றே ஆடினீர்கள். கால் வலியில் கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பு. பின்னால் முறுக்கு அச்சோடு வந்த நான் இரண்டு முறை உட்கார்ந்து சிரித்துவிட்டுத்தான் நடந்தேன்.

கால் கட்டோடு தீபாவளி கொண்டாடினீர்கள். அன்று சாயந்தரம் நான் உங்களைக் கேட்டேன்: "வெறும் கால்தானே அண்ணி? தவழ்ந்தாவது வந்திருக்கலாமே. இப்படி ஊரக் கூட்டுறதுக்கு உங்களுக்குக் கூச்சமா இல்ல?" நான் அப்படிப்பட்டவள். நானாக இருந்தால் தவழ்ந்திருப்பேன். நீங்கள் என்னை உற்றுப் பார்த்தீர்கள். "கூப்டா ஒங்கண்ணன் வருவாருன்னு தெரியும். அப்புறம் எதுக்குப் புள்ள தவழணும்?" என்றீர்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை. தைரியசாலி என்று உங்களை எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்தத் தைரியத்தில் பாதி, இன்னொருவர் வருவார் என்ற நிச்சயம்தான் என்பதைக் கண்டுகொள்ள எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அண்ணனும் தினம் உங்களோடு தோப்புக்குள் வரத் தொடங்கினார். ரிவால்வருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆனாலும் கட்டினீர்கள், எண்ணெய் போட்டீர்கள்.

போன வருடம் உங்கள் காரியம் முடிந்ததும் அதைப் போலீசில் ஒப்படைக்கப் போனோம். முன்பே போனில் கேட்டு, அவர்கள் சொன்னபடி பெட்டியில் பூட்டி அண்ணனே எடுத்து வந்தார். மேசையில் ஒரு இளம் பெண் அதிகாரி. பெட்டியைத் திறந்து, வரிசை எண்ணைச் சரிபார்த்து, உருளையைச் சுழற்றிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டு வந்து கொடுத்ததில்லை. இதை எப்போதாவது பயன்படுத்தினார்களா, பாச்சிக்?" என்று மாமா முறை வைத்துக் கேட்டார்.

"ஆறு தடவ" என்றார் அண்ணன். "ஆறும் என்னக் கூப்புடறதுக்கு."

வெளியே வந்து எதிர்க் கடையில் தே தாரிக் குடித்தோம். நீங்கள் போன பிறகு அன்றுதான் அவர் முறுக்கு அச்சுக் கதையைத் தானாகவே எடுத்துச் சொல்லிச் சிரித்தார். முறுக்குப் பிழிகிற மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள்.

போன மாதம் காம்பார் போய்த் திரும்பும் வழியில் என் கார் நின்றுவிட்டது. நல்ல மழை. பழைய நானாக இருந்தால் மழை விடும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன், யாருக்கும் சொல்லாமல் சமாளித்துவிட்டேன் என்று பிறகு பெருமைப்பட்டிருப்பேன். போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டியவர். பக்கத்து வீட்டுக்காரரை வண்டியோட்ட வைத்து, ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். காருக்கு என்ன கோளாறு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொண்டுவந்த நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்து, இழுவை வண்டி வரும்வரை மூவரும் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இப்போதெல்லாம் நானும் கூப்பிடுகிறேன், அண்ணி. வருகிறார்கள்.