ஐம்பத்தாறு கிலோ மூட்டை

குன்னம்
27-1-86

அன்பு மகள் அம்சவள்ளிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பிலாய்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பது தெரிந்து நிம்மதியாயிற்று. இங்கே நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுத் தாண்டிப் போக இந்தமுறை மனம் வரவில்லை, அதைக் கடைசியில் எழுதுகிறேன், நீ நடுவில் குதித்து அங்கே போகாமல் வரிசையாகப் படி. நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து நீ எந்தக் காகிதத்தையும் அடியிலிருந்துதான் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

தை முடிவதற்குள் நான் ஒருவனாக அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க முடியாவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அந்த வேலைக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் நீ சொல்வதிலும் தப்பில்லை. வைகாசியில் பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்தபோது நீ ஒரு மாத லீவில் வந்து கூட இருந்தாய், நீ போனபின் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளும் அவள் மருமகளும் காலையில் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் தூக்கி உட்காரவைத்தார்கள். அவர்களும் ஏழு மணிக்கெல்லாம் களையெடுக்கப் போயாக வேண்டும், அவர்கள் திரும்பி வரும்வரை அம்மா முகட்டைப் பார்த்துப் படுத்திருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன். முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து வளர்த்த தொந்தியை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும். ஆம்பிளை ஆள் யாரையாவது கூப்பிடலாமா என்று ஒருநாள் கேட்டதற்கு, அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவே இல்லை.

பெரம்பலூர் டாக்டர் அப்போதே என்னையும் தராசில் ஏற்றி எண்பத்து மூன்று கிலோ என்று சொல்லி, பிரஷர் வேறு இருக்கிறது, நீங்களும் படுத்துவிட்டால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது என்று கேட்டார், அதனால் ஆனியில் ஓட ஆரம்பித்தது உனக்குத் தெரியும். நீ அனுப்பிய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு விடிந்தும் விடியாமல் வேப்பூர் ரோட்டில் ஓடுவேன். முதல் பஸ் டிரைவர் நான் பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடி வருகிறேன் என்று ஒரு வாரம் தினமும் நிறுத்தினார், உள்ளே இருந்த ஜனமெல்லாம் ஓடிவாங்க ஓடிவாங்க என்று கை நீட்டியது, ஒருநாள் கூச்சத்தில் ஏறி டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப ஓடி வந்தேன். கண்டக்டர் நல்லுசாமி ஊருக்கெல்லாம் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் பஸ் நிற்காமல் போயிற்று. வயிறு கரைந்தது, மூச்சு இரைப்பது நின்றது, ஆனால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கை நடுங்கியது. ஓட்டம் காலுக்கும் வயிற்றுக்கும்தான், கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் தனியாக வேலை கொடுங்கள் என்று நீ எழுதியது ரொம்பச் சரி.

நீ எழுதிய மாதிரியே முதலில் சுவரைத் தள்ளினேன், பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்து, பிறகு தரையில் தண்டால். முதல்நாள் தரையில் இரண்டு எடுத்துவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டேன். அம்மா கட்டிலில் கிடந்தபடியே எண்ணுவாள். வாய் அப்போது கொஞ்சம் குழறினாலும் கணக்கில் குழறல் கிடையாது, தொந்தி தரையில் பட்டால் அந்தத் தண்டாலைச் சேர்க்க மாட்டாள், ஒன்று விட்டுக்கொடு என்று கெஞ்சினாலும் கேட்க மாட்டாள். கிணற்றில் நானே நீர் இறைத்தேன், இரண்டு கையிலும் இரண்டு வாளி பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றினேன். ஆவணியில் நம் வயலில் எடுத்த சின்ன வெங்காயம், தட்டி கட்டிச் சேமித்து வைக்கும் பட்டறையில் கிடந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மாவின் எடை ஐம்பத்தாறு கிலோ என்று எழுதியிருந்ததால், சங்கத்துத் தராசில் சரியாக ஐம்பத்தாறு கிலோ வெங்காயம் நிறுத்து ஒரு மூட்டை கட்டிக் கட்டிலுக்கு எதிரே பெஞ்சில் வைத்துக்கொண்டேன். அதைத் தூக்கிவிட்டால் அம்மாவைத் தூக்கிவிடலாம் என்பது என் ஏற்பாடு. முதல் வாரம் ஒரு முனைதான் கிளம்பியது. புரட்டாசியில் பெஞ்சை விட்டு எழுந்தது. ஐப்பசியில் அந்த மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் மூன்று சுற்று வந்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு உனக்கு ஒரு கார்டு போட்டேனே, அது அப்போதுதான்.

தீபாவளியன்று நடந்ததை உனக்கு இதுவரை எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பச்சையம்மாளுக்கு அவள் வீட்டு வேலை தலைக்கு மேல், அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசை. நான் இருக்கிறேன் என்று முழங்காலை மடக்கி, நீ சொன்ன மாதிரியே மார்போடு சேர்த்துத் தூக்கினேன். ஒரு சாண் எழும்பினாள், அவ்வளவுதான், என் கை விட்டுப்போய் இரண்டு பேரும் மெதுவாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தோம். அடி எதுவும் படவில்லை, அவள் என் மேல்தான் விழுந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள்தான், அந்த மூட்டையைக் கடைசியாக எப்போது நிறுத்தீர்கள் என்று கேட்டாள். பச்சையம்மாள் வந்து எங்களை எழுப்பிய பிறகு கொண்டுபோய் நிறுத்தேன். நாற்பத்து மூன்று கிலோ. பட்டறையில் போட்ட வெங்காயம் காய்ந்து எடை குறையும், அதையும் கணக்குப் பார்த்து விலை பேசுங்கள் என்று வருஷா வருஷம் ஊருக்கே சொன்னவன் நான். என் கை பலப்பட்டது பாதி, மூட்டை இளைத்தது மீதி. அம்மா அன்று வெகுநேரம் சிரித்தாள், விழுந்த வெட்கம் எனக்குப் போகட்டும் என்றே சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

அதன்பின் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு ஐம்பத்தாறு கிலோவுக்கு மணல் மூட்டை. காய்ந்த மணலாகப் பார்த்து அள்ளச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்போதைய செயலாளர் ராசாங்கத்தைக் கொண்டு நிறுக்கச் சொன்னாள். மூட்டையை அணைத்தபடி அவள் ஐம்பது எண்ணும்வரை நான் அசையாமல் நின்றால்தான் இனி என் கைக்கு வருவாளாம். அவள் எண்ணும் ஐம்பது எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது. பொங்கலுக்கு நாற்பது. போன சனிக்கிழமை ஐம்பது. ஐம்பது என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், அழுதாளா சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை.

நேற்று குடியரசு தினம். சங்கத்தில் கொடியேற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், அம்மா தானும் பார்க்க வருவதாகச் சொன்னாள், வெளியே போய் எட்டு மாதம் ஆகிறதே. பச்சையம்மாள் மகன் வீரமுத்து வாசலில் வண்டியைப் பூட்டி நிறுத்தினான். தெரு முழுக்கப் பார்க்கிறது என்று அவளுக்குக் கூச்சம், முந்தானையை இடது கையால் இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்து, அணைத்து, தூக்கினேன். வள்ளி, அவள் என் கைக்குச் சுலபமாக வந்துவிட்டாள். ஐம்பத்தாறு கிலோவுக்குத் தயாராகக் கொடுத்த பலத்தில் நான் பின்னால் சாயப் பார்த்தேன். பச்சையம்மாள் கை தட்டினாள், வீரமுத்து பெரியப்பா பெரியப்பா என்று குதித்தான், நான் மட்டும் அவளைக் கையில் இன்னொருதரம் ஏந்திப் பார்த்தேன். தினமும் அந்த மூட்டையைத் தூக்கிய கைக்கு எடை தெரியாதா. மூட்டையை வாராவாரம் நிறுத்தோமே தவிர அவளை ஒருவரும் நிறுக்கவில்லை.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து எல்லோரும் போனபின், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் நான் முதலில் தனியாக ஏறினேன், எழுபது. பிறகு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். விளையாட்டுக்கு என்று அவளிடம் சொன்னேன். ராசாங்கம் நூற்று இருபத்தாறில் வைத்துப் பார்த்தான், தண்டு எழவில்லை. ஒவ்வொரு கிலோவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்து நூற்றுப் பதினைந்தில் நிறுத்தினான். என்ன எடை என்று அம்மா கேட்டாள். ஐம்பத்தாறேதான், அப்படியே இருக்கிறாய் என்றேன். ராசாங்கம் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தராசின் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றிருக்கிறேன், ஒருத்தருக்கும் எடையை மாற்றிச் சொன்னதில்லை. வண்டியில் பாதி வழி வந்ததும் அவள் சொன்னாள்:

“எனக்குச் சொன்னது போவட்டும். வள்ளிக்காவது சரியான எடைய எழுதுங்க.”

வீட்டுக்கு வந்ததும் பச்சையம்மாளைக் கேட்டேன். தீபாவளியிலிருந்தே அம்மா பாதிக் கஞ்சிதான் குடிக்கிறாளாம், மீதியைக் கோழிக்குப் போடச் சொல்லி, என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாளாம். நான் விடிந்தால் ரோட்டில், பிறகு கிணற்றில், என் கையைப் பார்ப்பதிலேயே இருந்துவிட்டேன், அவள் தட்டைப் பார்க்கவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, “நீங்க ஓடி ஓடி எளைக்கிறீங்க, நான் படுத்த மேனிக்குக் கொஞ்சம் எளச்சுக் குடுத்தா என்னவாம்” என்கிறாள். இவளை என்ன செய்வது சொல். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அழுகை வந்தது. இன்று காலையில் பக்கத்தில் உட்கார்ந்து நானே ஊட்டினேன், முக்கால் தட்டு சாப்பிட்டாள், தண்ணீரும் குடித்தாள்.

கஞ்சியைக் குறைத்ததால்தான் இத்தனை இளைத்தாளா, உள்ளே வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பெரம்பலூருக்கு வண்டி வைத்து அழைத்துப் போகிறேன், ஏற்றி இறக்க இனி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நேற்றே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன், எழுதினால் நீ வேலையை விட்டுவிடுவாயோ என்று பயந்து பேனாவை மூடிவிட்டேன். வேலையை விடாதே அம்மா. தூக்க நான் இருக்கிறேன், அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். ஆனால் பத்து நாள் லீவு கிடைத்தால் வந்து அவளை ஒருதரம் பார்த்துவிட்டுப் போ. அதற்கு முன்னால் அவள் பேருக்கே தனியாக ஒரு கடிதம் போடு, வேளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாக, அவளே படிக்கும்படி பெரிய எழுத்தில். புருஷன் பேச்சைக் கேட்காவிட்டாலும் நர்ஸ் எழுதினால் கேட்பாள். நான் ஓட்டத்தையும் தண்டாலையும் விடவில்லை, இன்று அவள் எண்ணிக்கையில் இருபத்திரண்டு.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எல்லையம்மன் துணை நிற்பாள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் வெறும் டீயோடு படுத்துவிடாதே, நீயும் அவள் பெற்ற பெண்தானே, அதனால் சொல்கிறேன். அம்மா இப்போது கட்டிலிலிருந்து இந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எழுதிவிட்டீர்களா என்று இரண்டுதரம் கேட்டுவிட்டாள். எழுதிவிட்டேன். அவள் எடை நாற்பத்தைந்து கிலோ.

உன் அப்பா,
அ. குழந்தைவேல்