ஒன்பது விரல்

என் வீட்டு மகாராணிக்கு ஸலாம்.

நீ உன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "மௌனமும் ஒரு வணக்கம்தான்" என்று நான் சொன்னது தப்புதான். அன்றிலிருந்து ஒன்பது நாளாக நீயும் விடாமல் வணங்குகிறாய்.

இன்று கருத்தரங்கில் 'சூஃபிகளின் மௌனம்' பற்றிப் பேசினேன். இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஐம்பதாவது நிமிடத்தில் தலைவர், "பேசினது போதும், கொஞ்சம் கடைப்பிடிங்க" என்று மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

தேநீர் வேளையில் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். எங்களுக்குள் ஸலாமைத் தவிரப் பொதுவாக ஒரு சொல் கிடையாது. உன் படத்தைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தேன். அவர் தன் மனைவியின் படத்தைக் காட்டி நான்கு விரல் நீட்டினார். நான் ஒன்பது நீட்டினேன். மனிதர் கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார்.

இதைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வாசலில்தான் நிற்கிறேன். இன்னும் ஒரு விரல்தான் மிச்சம். திட்டுவதற்காவது கதவைத் திற.

உன்
வாயாடி