ஒரு கை கனம்

மாப்பிள்ளைக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டதாகத் தங்கை சொன்னாள்.

உங்கள் பிளாஸ்டிக் வாளி செய்யும் மெஷினில் இப்போது நான்தான் நிற்கிறேன். அச்சு மூடும்போது, நடுவில் ஏதோ சிக்கியதுபோல முழுதாக மூடாமல் நின்றுவிடுகிறது. பார்த்தால் ஒன்றுமில்லை. மெக்கானிக் இடைவெளியை அளந்துவிட்டு, "சரியா ஒரு கை கனம் இருக்குப்பா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

பாதுகாப்புக் கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும்படி சுவிட்சைக் கம்பியால் கட்டியது யார் என்று, உங்கள் கை போன அன்று எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை.

இன்று அச்சுக்குள் கைவிட்டுத் தடவினேன். ஷிப்ட் மாறும்போது என் கையைப் பிடிப்பீர்களே, அதே பிடி. "கட்டினது நான்தான் மாப்பிள்ளை" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பிடி விடவில்லை; என் வலது கை இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்